உள்தையல்

பெட்டி கனத்தது. அதுதான் முதலில் சரியாகப் படவில்லை.

லாரிக்காரரும் அவருடைய கூட்டாளியும் அதை வாசலிலிருந்து பட்டறைக்குள் கொண்டுவருவதற்குள் மூன்று முறை கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள். காலையிலிருந்து விடாத தூறல். பெட்டியின் பலகைகளில் ஈரம் ஊறி மரவாசனை எழுந்தது. அதற்கு அடியில் வேறு ஒரு வாசனையும் இருந்தது, வெகுநாள் வெயில் காணாத கம்பளியின் வாசனை. லாரிக்காரர் சீட்டை நீட்டினார்.

"சிலை பதினெட்டு கிலோன்னு போட்டிருக்கும்மா. இதுவா பதினெட்டு? எனக்கு முதுகே போச்சு."

"பெட்டியோட சேர்த்துத் தூக்குறீங்கல்ல?"

"பெட்டி தனியா முப்பதுன்னு போட்டிருக்கு பாருங்க. ரெண்டும் சேர்ந்தா நாப்பத்தெட்டு. பதினஞ்சு வருஷமா சுமக்கிறேன், நாப்பத்தெட்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஆனால் கிளம்பவில்லை.

"உள்ள என்னதாம்மா இருக்கு?"

"துணிச் சிலை."

"வெறும் துணியா?" அவர் பெட்டியை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "ரெண்டு இடத்துல வண்டியை நிறுத்திப் பார்த்தேம்மா. கயிறு கட்டினது கட்டினபடி இருக்கு. உள்ளதான் எதுவோ புரண்டுகிட்டே வந்துச்சு."

"அண்ணன் ரெண்டு நாளா சரியாத் தூங்கலைம்மா" என்று கூட்டாளி சிரித்தான். லாரிக்காரர் சிரிக்கவில்லை.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தொரு வருடங்களாகத் துணியில் சிலை செய்கிறவள். கலைக் கல்லூரியில் கல்லும் வெண்கலமும் படித்தவர்கள் அவளுக்குத் 'தலகாணி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பிற்பாடு ஓட்டல் வாசல்களுக்குச் சிமெண்டில் சிங்கம் செய்யப் போனார்கள்; தலகாணியின் சிலைகளோ கடல் தாண்டிப் போய்க் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் நின்றன. அவள் புதுத்துணியைத் தொடமாட்டாள். யாராவது உடுத்திப் பழகிய துணி வேண்டும்: கழுத்துப்பட்டையில் வியர்வை ஏறியது, முழங்கை தேய்ந்தது, பொத்தான் மாற்றியது. இரும்புக் கம்பியில் எலும்பு கட்டி, அதன்மேல் கம்பளிப் பஞ்சு அடைத்து, அந்தத் துணிகளைத் தோலாக இழுத்துத் தைப்பாள். முடித்ததும் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, எடையையும் தேதியையும் ஒரு துண்டுத் துணியில் நூலால் எழுதி, சிலையின் பிடரியில் தைத்துவிடுவாள். இதில் ஒரு நாளும் தவறியதில்லை.

நகரத்து அருங்காட்சியகம் அவளுடைய வாழ்நாள் வேலை முழுவதையும் ஒரே கூடத்தில் வைக்கப்போகிறது. பன்னிரண்டு சிலைகள். வாங்கியவர்களிடமெல்லாம் இரவல் கேட்டுப் பெற்று, அரித்ததையும் பூஞ்சை பூத்ததையும் அவளே செப்பனிட்டுக்கொண்டிருந்தாள். பதினொன்று வந்து போய்விட்டன. எல்லாமே காலப்போக்கில் பஞ்சு உலர்ந்து கொஞ்சம் எடை குறைந்திருந்தன. இது பன்னிரண்டாவது. செய்த வரிசையில் முதலாவது. அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 'நிற்பவள்'.

அக்கா.

அவள் ஆணிகளைப் பிடுங்கிப் பலகையைத் திறந்தாள். வைக்கோலுக்கு நடுவே அக்கா மல்லாந்து கிடந்தாள். முகத்தில் கண்ணும் இல்லை, வாயும் இல்லை; துணி மடிப்புகள்தான் முகம். அந்த மடிப்புகளை அன்று அவள் எப்படிப் பிடித்தாளோ அப்படியே இருந்தன. நீல வீட்டுக்கவுன், சாம்பல் நிறக் கையில்லாச் சட்டை, பழுப்பேறிய உள்பாவாடை. நெஞ்சு ஒரு கணம் இளகியது. பிறகுதான் கைகளைப் பார்த்தாள்.

இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கணுக்கால்களையும். படுக்கை விரிப்பைக் கிழித்த பட்டைகள், நாலு சுற்று, அதற்கு மேல் முடிச்சுக்கு மேல் முடிச்சு. கண்ணாடிச் சாமானைக் கட்டுவதுபோல இல்லை. திமிறும் ஆட்டைக் கட்டுவதுபோல இருந்தது.

அன்று மாலையே போன் செய்தாள். சிலையை வாங்கிய டாக்டரம்மாவுக்கு இப்போது தொண்ணூறு வயது, பேச்சு நின்றுவிட்டது. மருமகள்தான் எடுத்தாள்.

"வந்து சேர்ந்திடுச்சாங்க? நல்லது" என்றாள். குரலில் அவ்வளவு நிம்மதி.

"எல்லாம் பத்திரமா வந்திருக்கு. கையையும் காலையும் ஏன் கட்டியிருக்கீங்கன்னு..."

மறுமுனையில் ஒரு கதவு மூடும் ஓசை. பிறகு குரல் தாழ்ந்தது.

"மாடியில ஒரு ரூம்ல இருந்துச்சும்மா. கீழ படுக்கிறவங்களுக்குச் சத்தம் கேக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எலின்னு நினைச்சோம். எலிக்கு மருந்து வச்சோம்."

"எலி இருந்துச்சா?"

"இல்ல. அத்தைக்குப் பேச்சு இருந்தப்பவே கட்டச் சொல்லிட்டாங்க. காரணம் சொல்லல. நாங்களும் கேக்கல. அம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கண்காட்சி முடிஞ்சதும் திருப்பி அனுப்ப வேணாம். உங்களதுதானே. நீங்களே வச்சுக்குங்க."

போனை வைத்தபின் அவள் பட்டைகளை அறுத்து எடுத்தாள். ஆள்களைப் பிடித்து, சிலையைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும் என்று நினைத்திருந்தாள். ஆனால் அதன் அக்குளில் கைகொடுத்துத் தனியாகவே இழுத்து வேலை மேசையில் ஏற்றியபோது, அதற்குத் தராசு தேவைப்படவில்லை. அக்காவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் பதிமூன்று வருடம் தூக்கி மாற்றியவள் அவள். அந்தக் கனம் அவள் இடுப்புக்குத் தெரியும்.

ஈரம்தான். பஞ்சு ஈரம் குடித்திருக்கிறது. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாளும் மழை. பட்டறை என்பது வீட்டின் பின்கட்டில் நீளமான ஓர் அறை. கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள், அவற்றின் வழியாக வரும் பகல் வெளிச்சம் மழையில் பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்துக்கு மங்கியிருந்தது. அவள் மேசை விளக்கை இழுத்து, வழக்கம்போலப் பாதத்திலிருந்து ஆரம்பித்தாள். சேதக் குறிப்பு எழுத நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

எழுதவில்லை.

பாதங்கள் தேய்ந்திருந்தன. கனத்த கித்தான் துணியில் இரட்டை மடிப்பாக அவள் தைத்த உள்ளங்கால்கள், குதிகாலிலும் பெருவிரல் அடியிலும் இழை இழையாகத் தேய்ந்து, பளபளத்து, அழுக்கேறியிருந்தன. வருடக்கணக்கில் நடந்த செருப்பு தேயும் இடங்களில். நிற்கும் சிலைக்கு அப்படித் தேய வழியில்லை. இரும்புத் தகட்டில் திருகி நிறுத்தியது அது.

வலது குதிகாலில் துணி ஒரு சமயம் ஓட்டையே விட்டிருக்கிறது. அதை யாரோ இழை ஓட்டி அடைத்திருந்தார்கள். குறுக்கும் நெடுக்குமாக, எள்ளுப் போன்ற சின்னத் தையல்கள், ஒன்றைப் போலவே ஒன்று. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முடிச்சைத் தேடினாள். எந்தத் தையலுக்கும் ஆரம்பம் ஒன்று, முடிவு ஒன்று இருக்கவேண்டும். எத்தனை சாமர்த்தியக்காரி தைத்தாலும் நூலின் நுனி எங்காவது படுத்திருக்கும். விரலால் தடவினாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நுனி இல்லை. முடிச்சு இல்லை.

பெருவிரலால் அழுத்தியபோது தட்டுப்பட்டது, மிளகு அளவில். முடிச்சு உள்பக்கம் இருந்தது.

அவள் பாதத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு, வைத்தியர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதுபோல, சிலையின் வயிற்றை அமுக்கினாள். பஞ்சு உள்வாங்கவில்லை. கெட்டியாக எதுவோ இருந்தது, அதற்குப் பக்கத்தில் மெத்தென்று, மறுபடி கெட்டி. வடிவங்கள்.

கம்பளியைப் பற்றி அவளுக்குத் தெரியாதது குறைவு. பஞ்சாக அடைத்த கம்பளி நூறு வருடம் போனாலும் பஞ்சாகவே இருக்கும். அது இழையோடு இழை பின்னிக் கெட்டிப்பட்டு ஃபெல்ட் ஆகவேண்டும் என்றால் மூன்று வேண்டும்: ஈரம், சூடு, அசைவு. ஈரம் கூரையிலிருந்து வரலாம். சூடு வெயிலிலிருந்து வரலாம். அசைவு மட்டும் தானாக வராது. தேய்க்கவேண்டும். உருட்டவேண்டும். மணிக்கணக்கில், நாள்கணக்கில், ஒரு கை இடைவிடாமல் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

பகல் பதினொரு மணி. முன்கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்க் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன, இந்நேரத்துக்கே வேலையை விட்டுட்டே?" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். காது மந்தம். காதுக்கருவி மேசை இழுப்பறையில் குடியிருந்தது. அதைப் போட்டால் உலகம் ரொம்பக் கத்துகிறது என்பது அவர் கட்சி.

"கை வலிக்குது" என்றாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்லீங்க."

மத்தியானம் அருங்காட்சியகப் பொறுப்பாளர் போனில் அழைத்தாள். கெட்டிக்காரப் பெண், சுறுசுறுப்பு, எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிறவள். கண்காட்சிப் புத்தகம் அச்சுக்குப் போகிறதாம்.

"மேடம், 'நிற்பவள்' பக்கத்துக்கு ஒரு சந்தேகம். அக்கா தவறினதுக்கு அப்புறம் அவங்க நினைவா செஞ்சீங்க, இல்லையா? எல்லாப் பேட்டியிலயும் அப்படித்தான் இருக்கு. தேதி மட்டும் எங்கயும் இல்ல. பிடரியில நீங்க தைக்கிற துண்டு இருக்குமே, அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன். அழகா இருக்கும், முழுப் பக்கத்துக்குப் போடலாம்."

"பார்க்கிறேன்மா. ரொம்ப வருஷமாச்சு, அழிஞ்சிருக்கலாம்."

அழியவில்லை. அவள் அதைக் காலையிலேயே பார்த்துவிட்டாள். சிவப்பு நூல் கொஞ்சமும் வெளுக்காமல், எடையும் தேதியும். அக்கா இறப்பதற்குப் பதினேழு நாள் முந்தைய தேதி.

நடந்தது வேறு. அதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

அக்காவுக்குப் பதினெட்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்து இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஷிப்ட் வேலை. அக்கா கட்டிலில் சாய்ந்தபடியே ஒரு சட்டைக் கடைக்குப் பொத்தான் துளைகள் தைத்துக் கொடுப்பாள், நாளுக்கு நாற்பது, ஐம்பது. தங்கை இருபத்தேழு வயதில் கல்லூரி முடித்து, வேலையும் இல்லாமல் பெயரும் இல்லாமல் திரிந்த சமயம், நகரத்தில் ஒரு கூட்டுக் கண்காட்சியில் யாரோ விலகிக்கொள்ள, ஒரு மூலை அவளுக்குக் கிடைத்தது. பத்தொன்பது நாள் அவகாசம். அக்காவைச் செய்வது என்று தீர்மானித்தாள்.

"செய்டி வாலு, யார் வேணாங்கறா" என்றாள் அக்கா. "உட்கார்ந்த மாதிரியே செய். நிக்கவச்சுடாதே. நின்னா எனக்குக் கால் வலிக்கும்."

"கால்ல உணர்ச்சியே இல்லைங்கற. எப்படி வலிக்கும்?"

"தெரியல. நிக்கிறதா நினைச்சாலே வலிக்குது."

உட்கார்ந்த சிலையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அவள் நிற்கவைத்தாள். துணிகளை அக்கா கொடுத்தாள். கம்பளிப் பஞ்சுக்குத்தான் வழி இல்லை. வீட்டில் கம்பளி என்று இருந்தது அக்கா போர்த்திய கனத்த போர்வை ஒன்றுதான், உள்ளே கிலோக் கணக்கில் பஞ்சு அடைத்தது. "எடுத்துக்கோ, எனக்கு வேற இருக்கு" என்றாள் அக்கா. வேறு என்றால் இரண்டு பருத்தி விரிப்பு. அது தங்கைக்கும் தெரியும். குளிர் ஆரம்பிக்க ஒரு வாரம் இருந்தது. அவள் போர்வையின் வயிற்றைக் கிழித்துப் பஞ்சை உருவினாள்.

கண்காட்சி திறந்து மூன்றாம் நாள் அம்மா போன் செய்தாள். அக்காவுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது, மூச்சு வாங்குகிறது, உடனே வா. மறுநாள் பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வருவதாக இருந்தது. "ரெண்டு நாள்ல வந்துடறேம்மா" என்றாள். மூன்றாம் நாள் போனபோது கட்டிலை மடித்துச் சுவரில் சாத்தியிருந்தார்கள்.

போர்வை எங்கே என்று அம்மா சாகும்வரை கேட்கவே இல்லை. ஒரு தரமாவது கேட்டிருக்கலாம்.

இப்போது அவள் சின்னக் கத்தரியை எடுத்தாள். சிலையைப் புரட்டிப் பிடரித் துண்டின் நாலு ஓரத் தையலையும் அறுத்து, துண்டைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். பொறுப்பாளருக்கு ஒரு வரி எழுதி அனுப்பினாள்: 'அழிந்துவிட்டது.' விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினாள்.

சாத்திய கதவுக்குப் பின்னால் சத்தம் ஆரம்பித்தது.

முதலில் மழை என்றுதான் நினைத்தாள். மழைக்கு அப்படி ஒரு லயம் கிடையாது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஈரக் கம்பளியை வைத்து உருட்டும் சத்தம் அது. அந்த நறநறப்பும், இடையில் நீர் பிழியும் சிறு உறிஞ்சலும், கை களைத்துச் சற்று நின்று மறுபடி ஆரம்பிக்கும் அந்த இடைவெளியும் அவளுக்கு மனப்பாடம். அவளே ஆயிரம் முறை எழுப்பிய சத்தம். கைப்பிடியில் கை வைத்தாள். நின்றது. கையை எடுத்தாள். ஆரம்பித்தது.

அன்று முழுக்க அவள் அந்தப் பக்கம் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் கணவர் பேசிக்கொண்டே இருந்தார். அவர் பேசும்போது அது கேட்கவில்லை. அவர் வாயை மூடினால் கேட்டது. அவள் அவரிடம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்டாள், பாலைவனங்களைப் பற்றி, கடல் நீரோட்டங்களைப் பற்றி. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் இத்தனை ஆர்வத்தை அவர் கண்டதில்லை. மனம் குளிர்ந்துபோனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் டீக் கோப்பையைக் கழுவி வைத்துக்கொண்டே சொன்னார்:

"உன் சிலை அருமையா இருக்கு. நின்ன மாதிரி இருக்கிறதைவிட இப்படி நல்லா இருக்கு."

"எப்படி?"

"ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வச்சிருக்கியே. கதவு திறந்திருந்துச்சு, எட்டிப் பார்த்தேன். நான்கூட யாரோ வந்திருக்காங்கன்னு வணக்கம் சொல்லிட்டேன் போ." அவர் தன் தமாஷுக்குத் தானே சிரித்தார்.

அவள் சிரிக்க முயன்றாள். உதடு மட்டும் இழுபட்டது. சிலையின் கால்களில் இடுப்பிலிருந்து குதிகால்வரை ஒரே கம்பி. முழங்காலில் மடங்காது. மடங்கும்படி அவள் செய்யவில்லை.

"ஊசி வாங்கக் கடைக்குப் போகணும், கூட வர்றீங்களா?" என்றாள்.

"இந்த மழையிலயா? ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது."

அவர் முன்கூடத்துக்குப் போய்விட்டார். டிவி அலறத் தொடங்கியது. அவள் சமையலறையில் நின்றாள். ஓடிவிடலாம். பொறுப்பாளரை அழைத்து, பெண்ணே, நான் பொய் சொன்னேன், அக்கா உயிரோடு இருக்கும்போதே அவள் போர்வையை உருவிச் செய்தது அது என்று சொல்லிவிடலாம். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அருங்காட்சியகக் கூடத்தின் நட்டநடுவில் பன்னிரண்டாவது பீடம் காலியாக நிற்பதையும் மனக்கண்ணில் பார்த்தாள். அச்சாகப்போகும் புத்தகத்தைப் பார்த்தாள்.

பஞ்சுதான் காரணம். அந்தப் பஞ்சை வெளியே எடுத்துவிட்டால் போதும். புதுப் பஞ்சு இரண்டு மூட்டை இருக்கிறது. பிரித்து, உருவி, அடைத்து, மூடிவிட்டால், தோல் பழையது, முகம் பழையது, யாருக்கும் தெரியாது. இரண்டு மணி நேர வேலை.

பட்டறைக் கதவு திறந்துதான் இருந்தது.

சிலை மேசைமேல் இருந்தது. அவள் விட்டுப்போனபடியே, குப்புற. நாற்காலி மட்டும் ஜன்னலோரம். அதன் மெத்தையில் ஒரு குழிவு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழிவு மெல்ல மேலெழும்பிச் சமமானது.

அவள் சிலையின் முழங்காலுக்குப் பின்பக்கம் விரல் வைத்தாள். கம்பி இருந்த இடத்தில் இரண்டு குமிழ்கள். நடுவில் பள்ளம். கணுக்காலைப் பிடித்துத் தூக்கினாள். கால் மடங்கியது. சுலபமாக.

விட்டாள். கால் பொத்தென்று விழவில்லை. மெதுவாக இறங்கிப் படுத்தது.

முன்கூடத்து டிவியில் கூட்டம் ஆர்ப்பரித்தது. கணவர் கைதட்டினார். அந்தச் சத்தத்தைப் பற்றிக்கொண்டு அவள் தையல் பிரிக்கும் சிறு கத்தியை எடுத்தாள். பிடரி முடியை விலக்குவதுபோலக் கவுனின் கழுத்துப்பட்டையை மடித்தாள்.

துண்டு அங்கே இருந்தது.

சிவப்பு நூல். எடை. தேதி. நாலு ஓரமும் தைத்து. எள்ளுத் தையல். நுனி இல்லை. அவள் குப்பைக் கூடையைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் இல்லை.

கத்தியை இறக்கினாள். கழுத்திலிருந்து கீழ்நோக்கி, முதுகுத் தையலை ஒவ்வொன்றாக. தன் கையால் போட்ட தையல்கள். அறுபட அறுபடத் துணி இரண்டு பக்கமும் விரிந்தது. உள்ளிருந்து ஆவி வந்தது. சூடான, ஈரமான கம்பளியின் ஆவி. அவள் மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. கழற்றினாள். துடைத்தாள். மாட்டினாள்.

விலா எலும்புகள்.

கம்பளியில். வெள்ளை ஃபெல்ட். விரல் தடிமன். ஒவ்வொன்றும் உருட்டித் தேய்த்து, வழவழப்பாக்கி, முதுகெலும்பில் பொருத்தியது. முதுகெலும்பும் கம்பளிதான். கணு கணுவாக. இரும்புக் கம்பி எங்கும் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் அவள்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. பயத்துக்கு நடுவிலும் அந்த எண்ணம் வந்தது. பொறாமை மாதிரி ஒன்று.

எடுத்துவிடவேண்டும். எல்லாவற்றையும்.

வலது கையை விலாக்களுக்கு நடுவே விட்டாள். மணிக்கட்டுவரை. சூடு. இன்னும் உள்ளே. மெத்தென்று ஒன்று கிடைத்தது. கொத்தாகப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. முழங்கைவரை விட்டாள். மேசையில் மார்பு அழுந்தக் குனிந்தாள். சிலையின் பிடரி அவள் கன்னத்துக்கு அருகே இருந்தது. எண்ணெய் வாசனை. அக்காவின் தலை எண்ணெய். இழுத்தாள்.

உள்ளே அவள் விரல்களைச் சுற்றி எதுவோ மூடியது.

இறுக்கமாக இல்லை. கையைப் பிடித்துக்கொள்வதுபோல. ஐந்து விரல்களுக்கும் ஐந்து.

"என்னங்க" என்றாள். முன்கூடத்துப் பக்கம் தலையைத் திருப்பினாள். "என்னங்க!"

ஆட்டம் சூடுபிடித்திருந்தது. அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

இடது கையால் மேசை விளிம்பை அழுத்தித் தள்ளினாள். சிலை நகரவில்லை. கை வரவில்லை. கத்தி கீழே விழுந்து உருண்டது. அவள் அதைக் காலால் துழாவினாள். அப்போதுதான் இடுப்புப் பக்கம் துணி அசைந்தது.

பிரித்துப்போட்ட முதுகுத் தையலின் கீழ்முனை. இரண்டு ஓரங்களும் ஒன்றை ஒன்று நோக்கி நகர்ந்தன. சேர்ந்தன. நடுவில் துணி ஒரு புள்ளியாக மேலே கூம்பியது. கூம்பைப் பிளந்துகொண்டு ஊசி வந்தது. துருவேறிய, வளைந்த ஊசி. வெளிச்சத்தில் ஒரு கணம் நின்றது. பக்கத்திலேயே இறங்கியது. உள்ளிருந்து நூல் இழுபட்டது. எள்ளளவு தையல்.

மறுபடி மேலே. மறுபடி கீழே.

அவசரம் இல்லை. பொத்தான் துளைக்குப் போடும் நெருக்கத்தில், ஒன்றைப் போலவே ஒன்று. முதுகின் நடுப்பகுதி மூடியது. விலாக்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவளுடைய கை இறங்கியிருக்கும் இடத்துக்குக் கீழே மூன்று விரற்கடை. இரண்டு. ஒன்று.

ஊசி அவள் சட்டைக் கையின் துணியைத் துளைத்து மேலே வந்தது. நின்றது. துணியின் தரத்தைப் பார்ப்பதுபோல இடமும் வலமும் லேசாக அசைந்தது. பிறகு இன்னும் சற்று ஆழமாக, தோலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, கீழே இறங்கியது.

வலிக்கவில்லை.

நூல் இறுகியது. ஊசி அடுத்த தையலுக்கு மேலே வந்தது.